வருத்தம் ஒன்றும் இல்லை

பொம்பர் விமானம் வந்தால் பங்கருக்குள் ஓடுவது அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பல் துலக்குவது போன்ற ஒரு பழக்கம். கொக்குவிலில் எங்கள் வளவுக்குள்ளும் ஒரு பங்கர் இருந்தது. என் மனைவி மனோன்மணியின் தம்பி தில்லை குழி வெட்டி, ரெயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளை மேலே அடுக்கி, மண் மூட்டை வைத்துக் கட்டியது. ரெயில் ஓடாத பாதையின் கட்டைகளுக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த உத்தியோகம் அது. எனக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டதும் முதலில் உள்ளே போய்விடுகிறவன் நான்தான். மனோன்மணி அடுப்பை அணைத்து, அடையாள அட்டைகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள், நான் வசதியாக இருந்துகொண்டு அவளுடைய தாமதத்தைக் குறை சொல்லத் தொடங்கியிருப்பேன்.

ஒரு மாரிக்காலக் காலையில் பொம்பர் வந்தபோது நான் முற்றத்தில் கதிரையில் இருந்தேன். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. எழும்ப வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

"இஞ்சேருங்கோ! காது கேக்கேல்லையே? ஓடி வாங்கோவன்!" என்று மனோன்மணி பங்கர் வாசலில் நின்று கத்தினாள்.

கேட்டது. குண்டு எங்கோ விழுந்தது. நிலம் அதிர்ந்து, கிடுகு வேலியிலிருந்து தூசி கொட்டியது. அவள் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். திரும்ப அடுப்பை மூட்டப் போனாள். எனக்குப் பயம் வந்தது அதற்குப் பிறகுதான். எனக்குப் பயம் வரவில்லையே என்ற பயம்.

அந்தப் பயத்தைப் பற்றியே இதை எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் மூலநோயைப் பற்றிக் கலியாணப் பந்தலிலும் கதைப்பார்கள். மனதுக்கு வந்தால் மட்டும் "விசர்" என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. எனக்குக் கட்டிக்கொடுக்கப் பெண் இல்லை. இருப்பது ஒரு மகன். அவனும் கனடாவில் தானே ஒருத்தியைப் பார்த்துக் கட்டிவிட்டான். ஆகவே நான் எழுதலாம்.

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். நான் கோட்டு முதலியார். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் கேட்கப்படுவதைச் சாட்சிக்குத் தமிழிலும், சாட்சி சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்பவருக்கு அந்தக் காலத்துப் பட்டம் அது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கேள்விக்கும் மற்றவர்களின் பதிலுக்கும் நடுவில் நின்றேன். அங்கே கற்றுக்கொண்ட பெரிய பாடம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவன் தப்பித்துவிடுவான் என்பது.

கதிரையை விட்டு எழும்பாதது முதல் அறிகுறி அல்ல. அதற்கு முன்பே கோயில் மணி அடிப்பதற்கு எவ்வளவோ முந்தி விழித்துக்கொண்டு கிடந்தேன். சோறு கடதாசி மாதிரி இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றித்தான் ரேடியோ கேட்போம். செய்தி நேரத்துக்குத் தில்லையை விரட்டி விரட்டிச் சுற்ற வைத்த நான், அந்த நேரத்தில் அறைக்குள் போய்ப் படுத்தேன்.

"அத்தானுக்கு உலகம் வெறுத்துப்போச்சு. நல்லதுதான், என்ரை கை தப்பினது" என்றான் தில்லை.

அவன் பகிடியாகச் சொன்னது உண்மையாக இருந்தது. செத்துப்போனால் எல்லோருக்கும் வசதி என்ற எண்ணம் விடியற்காலையில் வந்து, பொழுது ஏற ஏறக் கொஞ்சம் விலகி, அடுத்த விடியலில் திரும்ப வரும். கிணற்றடிக்குப் போனால் அது கிட்ட வந்து நிற்கும். கப்பிச் சத்தம் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால் இரண்டு வாளி தண்ணீர் நிறைந்து நின்றது.

"முழங்கால் நோவோடை நீங்கள் ஏன் கிணத்தடிக்குப் போவான்? இஞ்சை நிண்டு குளியுங்கோ" என்றாள் மனோன்மணி.

எனக்கு முழங்கால் நோவு இருந்ததே இல்லை. அவளுக்கு மறதி வரத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அவளைப் பற்றியும் ஒரு கவலையைச் சேர்த்துக்கொண்டு படுத்தேன்.

பிறகு ஒரு காலை தில்லை சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான், ஏறுங்கோ. கண் காட்டிக்கொண்டு வருவம். கண்ணாடி மாத்தவேணுமெண்டு அக்கா சொன்னவ."

"கண் கிளினிக் செவ்வாய்க்கிழமையெல்லோ. இண்டைக்கு வியாழன்."

"அப்ப வியாழக்கிழமை என்ன கிளினிக்?"

"விசர்க் கிளினிக்."

"எல்லாத்தையும் தெரிஞ்சுகொண்டு பிறகேன் ஆக்களைக் கேள்வி கேக்கிறியள்? காலைத் தூக்கிப் பிடியுங்கோ, கம்பிக்குள்ளை போகும்."

எந்த ஆஸ்பத்திரி என்பதை எழுதப்போவதில்லை. எனக்குச் சிகிச்சை செய்தவர்களுக்கு நான் செய்யக்கூடிய ஒரே கைமாறு அது. வெளி விறாந்தையில் நீள வாங்கு ஒன்று. அதில் இருந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் துவாயால் மூடியிருந்தார். துவாய் விலகியபோது பார்த்தால், ஒரு காலத்தில் தன் வாதத்தால் நீதிமன்றத்தையே அதிர வைத்த பழைய வக்கீல், எங்கள் பிரக்கிராசி.

"முதலியார்! என்ன, கண்ணோ?" என்றார்.

"ஓம், கண். நீங்கள்?"

"எனக்கும் கண்தான்."

கண் தெரியாத இருவரும் அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

உள்ளே இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றில் ஓர் இளம் டொக்டர். கண்ணுக்குக் கீழே கறுத்து, என்னைவிட நித்திரை இல்லாதவர் போல இருந்தார். மற்றதில் பெரிய டொக்டர். நடுத்தர வயதுப் பெண். தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இளம் டொக்டரிடம் ரோணியோவில் அடித்த மங்கிய தாள் ஒன்று இருந்தது. மனச்சோர்வு நோயின் கடுமையை அளக்கும் கேள்வித்தாள் அது. மனநிலை, நித்திரை, பசி, குற்ற உணர்வு, வேலையில் அக்கறை, உயிரில் ஆசை என்று ஒவ்வொரு தலைப்பாகக் கேட்டு, இல்லை என்றால் பூச்சியம், கடுமை என்றால் இரண்டு அல்லது நான்கு என்று புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் புள்ளி கூடினால் கெட்டிக்காரன். இங்கே கூடினால் கட்டில்.

ஆஸ்பத்திரி வாட்டில் கட்டில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். கரண்ட் பிடிப்பார்கள். தலையின் இரண்டு பக்கமும் வயர் வைத்து அடிப்பார்கள். அந்தப் பயம் ஒரு பக்கம், வீட்டுக் கிணறு மறுபக்கம். நடுவில் நான், வழக்கம்போல.

தாள் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழாக்கப்பட்டது என்பதை முதல் கேள்வியிலேயே கண்டுகொண்டேன்.

"கடந்த ஒரு வாரமாக நீங்கள் வருத்தமாக இருக்கிறீர்களா?" என்று இளம் டொக்டர் வாசித்தார்.

தமிழ்நாட்டில் வருத்தம் என்றால் துயரம். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். சீனி வருத்தம், காய்ச்சல் வருத்தம், வாத வருத்தம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு அது தெரியாமல் இல்லை. வாசித்து வாசித்துக் களைத்துப்போய், தான் வாசிப்பது அவருக்கே கேட்கவில்லை. எனக்கு இரண்டு பொருளும் தெரியும். என்ன கேட்கிறார் என்பதும் தெரியும்.

"வருத்தம் ஒண்டும் இல்லை, தம்பி. பிறஷர் இல்லை. சீனி இல்லை."

பூச்சியம் விழுந்தது.

"உறக்கம் எப்படி?"

"செல்லடிக்கிற ஊரிலை ஆருக்குத் தம்பி நித்திரை?"

அவர் பேனையைத் தூக்கி, யோசித்து, ஏதோ சிறிதாகப் போட்டார்.

"உடல் எடை குறைந்துள்ளதா?"

"இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை மெலியாத ஒரு மனிசனை எனக்குக் காட்டுங்கோ."

"வேலையில் ஆர்வம் குறைந்துள்ளதா?"

"நான் பென்சன்காரன்."

"வாழ்வதில் பயன் இல்லை என்று நினைத்ததுண்டா?"

இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். ஆனால் கேள்விக்குப் பதிலாகக் கேள்வி கேட்கும் சாட்சிகளை எத்தனை பார்த்தவன் நான்!

"இந்த ஊரிலை அப்பிடி நினைக்காதவை ஆர்?"

அவர் கூட்டிப் பார்த்தார். தொகை சின்னது. வைட்டமின் குளிசை எழுதித் தருவதாகவும் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். விடுதலை. நான் சொன்னதில் ஒரு வரியும் பொய் இல்லை. எழும்பப் பார்த்தேன், உடம்பு எழும்பவில்லை. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. விடுதலையாகி எங்கே போவது? வீட்டுக்கு. விடியற்காலைக்கு. இனி யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்டாயிற்று, பூச்சியம் போட்டாயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை.

"ஐயா, கொஞ்சம் இருங்கோ" என்று மற்ற மேசையிலிருந்து பெரிய டொக்டர் கூப்பிட்டார். தாளை வாங்கிப் பார்த்தார். "ஐயா என்ன உத்தியோகம் பார்த்தனீங்கள்?"

"கோட்டிலை முதலியார்."

"அதுதானே பார்த்தன். மறுமொழி எல்லாம் நல்ல மறுமொழி." தாளைக் கவிழ்த்து வைத்தார். "இது வருத்தம் எவ்வளவு எண்டு அளக்கிறதுக்கு. வருத்தம் இருக்கோ, என்ன வருத்தம் எண்டு நாங்கள் ஆளோடை கதைச்சுத்தான் பிடிக்கவேணும். கதைப்பமோ?"

நான் தலையாட்டினேன். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று கணித்து, பதிலையும் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

"பொம்பர் வந்தால் ஐயா எங்கை நிப்பீங்கள்?"

அடுக்கி வைத்ததில் அதற்குப் பதில் இருக்கவில்லை.

"முத்தத்திலை" என்றேன்.

"வீட்டிலை பங்கர் இல்லையோ?"

"கிடக்கு."

"வீட்டுக்காரி?"

"அவ உள்ளை போயிடுவா. என்னைக் கூப்பிடுறவ."

"நீங்கள்?"

"விழட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருப்பன்."

என் வாயிலிருந்துதான் வந்தது. டொக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"விழாட்டில்?"

வாழ்நாளில் எத்தனையோ குறுக்கு விசாரணைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப் போல ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

"கிணத்தடிக்குப் போகப் பயமாக் கிடக்கு, டொக்டர்" என்றேன். பிறகு அழுதேன். அறுபது தாண்டிய மனிதன், விறாந்தையில் பிரக்கிராசிக்குக் கேட்கும்படியாக.

டொக்டர், நான் அழுது முடியும்வரை இருந்தார். "சொன்னீங்களே, அது காணும். பயம் இன்னும் கிடக்கெல்லே, அது நல்லது. இது விசரில்லை ஐயா, மனச்சோர்வு எண்ட வருத்தம். மருந்து இருக்கு, மாறும். இனி நாங்கள் பார்ப்பம்" என்றார். பிறகு தில்லையை உள்ளே கூப்பிட்டார்.

"வீட்டிலை தண்ணி ஆர் அள்ளுறது?"

"அக்காதான். அத்தானைக் கிணத்தடிக்கு விடுறேல்லை. அவர் அந்தப் பக்கம் போனால் ஏதேன் சாட்டுச் சொல்லிக்கொண்டு தானும் பின்னாலை போயிடுவா" என்றான் தில்லை, என்னைப் பார்க்காமல்.

அப்போதுதான் முழங்கால் நோவு எனக்கு விளங்கியது.

கட்டில் கிடைத்தது. வாட்டில் பில் என்று ஒன்றும் இல்லை. கட்டில் அரசாங்கத்தினது, சோறு வீட்டினது. மனோன்மணி ஒவ்வொரு மத்தியானமும் யாருடைய சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு வந்து, நான் தின்னும்வரை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தின்னாவிட்டால் ஏசமாட்டாள். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஏசாத மனோன்மணியை நான் முன்பு கண்டதில்லை.

இரண்டாம் நாள் ஓர் அறைக்குள் கொண்டுபோனார்கள். ஜெனரேற்றர் இரைந்தது. கட்டிலில் படுக்க வைத்து, கையிலும் காலிலும் நெஞ்சிலும் குளிரான பசையைப் பூசி, வயர்களைப் பொருத்தத் தொடங்கினார்கள். எல்லா நடைமுறையும் தெரிந்த நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேவாரம் சொல்லத் தொடங்கினேன். இடையில் பாட்டு மறந்துவிட்டது.

"என்ன ஐயா நடுங்குறியள்?" என்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"கரண்ட் பிடிக்கப் போறியளோ?"

அவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினார். "இது ஈ.சீ.ஜீ. உங்கடை நெஞ்சுக்குள்ளை கிடக்கிற கரண்டை நாங்கள் எடுக்கிறம். நாங்கள் தாறதுக்கு எங்களிட்டை எங்கை ஐயா கரண்ட் கிடக்கு?"

மனச்சோர்வுக் குளிசை சிலருடைய இருதயத் துடிப்பைக் குழப்பும். ஆகவே வயதானவர்களுக்கு அதைத் தொடங்க முதல் துடிப்பைக் கடதாசியில் கோடாக எழுதிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இருண்ட யாழ்ப்பாணத்தில் கரண்டுக்குப் பயந்து நடுங்கிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

குளிசை உடனே வேலை செய்யாது. இரண்டு மூன்று கிழமை செல்லும் என்று முதலே சொல்லிவிட்டார்கள். ஆனால் வாய் காய்வதும், எழும்பினால் தலை சுற்றுவதும் முதல் நாளே தொடங்கிவிடும். அரசாங்கக் கந்தோர்களில் அலுவல் பார்ப்பதும் அப்படித்தான்: தொல்லை உடனே, பலன் பிறகு. அந்த இடைக்காலம்தான் மோசம். மருந்து எடுத்தும் மாறவில்லை, இனி மாறாது என்ற எண்ணம் விடியற்காலையில் வந்து தலைமாட்டில் இருக்கும். மிசி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஒருவர் அந்த நேரத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து, வேண்டுமென்றே கட்டில் விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்வார். அவர் போய்விடுவாரோ என்று பயந்து, நான் விரிப்பைக் காலால் திரும்பக் கசக்கிவிடுவேன்.

அடுத்த கட்டிலில் குருநகர்க் கடற்றொழிலாளி மரியதாஸ். கடலுக்குப் போகத் தடை வந்து, வலை கரையில் கிடந்து, அவரும் கிடந்துவிட்டார். இளம் டொக்டர் அவரிடம் அதே தாளோடு வந்து, வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டபோது, "ஓம் ராசா, காலிலை. சொறி வருத்தம்" என்று இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிக் காட்டினார். பூச்சியமா நான்கா என்று டொக்டர் தவித்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். நெடுநாளைக்குப் பிறகு சிரிப்பு என்று ஒன்று வயிற்றுக்குள் அசைந்தது. அது நோவாகத்தான் இருந்தது.

அன்று மாலை பெரிய டொக்டர் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"ஐயா, உந்த முதல் கேள்வியை எங்கடை ஆக்களிட்டை எப்பிடிக் கேக்கிறது?"

"சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் உண்டு, டொக்டர்."

அவர் இளம் டொக்டர் பக்கம் திரும்பினார். "பகிடி விடுறார், நல்ல அறிகுறி. எழுதும்."

கவலை என்று கேட்டால் யாழ்ப்பாணமே கை தூக்கும். துக்கம் என்றால் செத்தவீடு. விரக்தி என்றால் மரியதாஸுக்கு விளங்காது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மரியதாஸிடமே, "உங்களுக்கு உள்ளுக்கை என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"மனசுக்கு ஏலாமக் கிடக்கு முதலியார். கைகால் ஏலும். மனசுக்குத்தான் ஏலாது."

ஏலாது என்றால் எங்கள் பேச்சில் இயலாது, சுகமில்லை என்ற இரண்டும்தான். அதையே எழுதினோம்: "மனசுக்கு ஏலாமல் கிடக்கோ?" அடுத்த முறை இளம் டொக்டர் அந்தக் கேள்வியை முதலில் என்னிடம்தான் கேட்டார். நான் ஓம் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். உயிர் பற்றிய கேள்விக்கும் கேள்வியால் பதில் சொல்லாமல் பதிலையே சொன்னேன். என் புள்ளி மளமளவென்று ஏறியது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு வருத்தம் கூடிவிட்டதோ என்று மனோன்மணி பதறினாள்.

"கூடேல்லை அம்மா. இப்பதான் உண்மை சொல்லுறார்" என்றார் பெரிய டொக்டர்.

அங்கிருந்துதான் அது கிழமைக்குக் கிழமை இறங்கியது. முதலில் நித்திரை வந்தது. பிறகு புளிக்கஞ்சி புளித்தது. வீட்டுக்கு விடும்போது, நல்லாய் இருக்கிறது என்று நினைத்து நானாகக் குளிசையை நிற்பாட்டக்கூடாது, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும் என்று பெரிய டொக்டர் இரண்டு முறை சொன்னார். அந்த எண்ணம் திரும்ப வந்தால், வந்த நேரமே மனோன்மணியிடம் சொல்வதாக என்னிடம் வாக்கும் வாங்கினார்.

வீட்டில் குசினிக்குப் பின்னால் இரண்டு வாளி நிறைந்து நின்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் முழங்காலைப் பற்றி விசாரிக்கவில்லை. தினமும் நிறைந்தது, நான் தினமும் அங்கேயே குளித்தேன்.

பிறகு ஒரு நாள் பின்னேரம் பொம்பர் வந்தது. தலைக்கு மேலே அது கீழ்நோக்கிக் குத்திப் பாயும் சத்தம் கேட்டபோது என் கால் தானாக ஓடியது. செருப்பு எங்கே போனது என்று தெரியாது. பங்கருக்குள் விழுந்து, இருட்டில் எதையோ மிதித்து, சிலிப்பர் கட்டையில் தலையை இடித்துக்கொண்டேன்.

"ஐயோ, என்ரை கால்! அத்தானுக்குச் சுகம் வந்திட்டுது, அக்கா. எனக்குத்தான் இனி ஆஸ்பத்திரி" என்று தில்லை கத்தினான்.

மனோன்மணி கடைசியாக வந்தாள்.

"எவ்வளவு நேரம் உமக்கு? பொம்பர்காரன் காத்துக்கொண்டே நிப்பான்?" என்றேன். பல்லுகள் அடித்துக்கொண்டன.

அவள் பக்கத்தில் இருந்து, என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே குண்டு விழுந்தது. அவள் அழுதாளா சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை துவாயோடு குசினிக்குப் பின்னால் போனேன். இரண்டு வாளியும் கவிழ்ந்து கிடந்தன.

"இஞ்சேரும், தண்ணி எங்கை?"

"கிணத்திலை" என்றாள், அடுப்பை ஊதிக்கொண்டே.

ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன். பயமாகத்தான் இருந்தது. வாழை மரங்களைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். குசினிப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் பின்னால் வரவில்லை.